கதவு திறந்தே இருந்தது: ஒலிப்புத்தகம் வாசிப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

"கதவு திறந்தே இருந்தது."

மூன்றே சொற்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

துப்பறியும் கதையில் இந்த வரி வந்தால், அது பூட்டியிருக்க வேண்டிய கதவு. 'கதவு' என்று சொல்லிவிட்டு அரை நொடி நிற்க வேண்டும். 'திறந்தே'யில் இருக்கும் ஏகாரத்தை லேசாகத் தொட்டால் போதும், கேட்பவர் முதுகில் ஏதோ ஊரும். குடும்பக் கதையில் வந்தால், கோபித்துக்கொண்டு போன மகன் என்றைக்காவது ராத்திரியில் திரும்புவான் என்று அம்மா தாழ் போடாமல் விட்ட கதவு. அதே ஏகாரம்தான், ஆனால் இப்போது அது கொஞ்சம் நீள வேண்டும். 'இருந்தது' மூச்சோடு கரைந்து முடிய வேண்டும். குழந்தைக் கதை என்றால் உள்ளே முயலோ பூதமோ உட்கார்ந்திருக்கிறது. வாசிப்பவரின் கண் விரியாமல் அந்த வரியைச் சொல்ல முடியாது, கண் விரிவது மைக்கில் கேட்கும். ஒரு கட்டுரை நூலில் 'அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் கதவு திறந்தே இருந்தது' என்று வருகிறதா? அங்கே கதவே கிடையாது. அழுத்தம் 'எல்லோருக்கும்' பக்கம் போய்விடும். கதவைச் சொல்லும்போது குரலில் மர்மம் காட்டினால் கேலிக்கூத்தாகிவிடும்.

ஒலிப்புத்தகம் வாசிப்பது என்ற வேலை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். 'நல்ல குரல் வேண்டும்', 'கம்பீரமாக இருக்க வேண்டும்', 'பத்துப் பேர் மாதிரி பேசத் தெரிய வேண்டும்' என்றெல்லாம் வெளியே இருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். குரல் நன்றாக இருந்தால் அனுகூலம், அவ்வளவுதான். இந்தக் கதையைச் சொல்பவர் கேட்பவரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்கார வாசிப்பாளரின் முதல் வேலை. குழந்தைக் கதையில் கேட்பவர் மடியில் இருக்கிறார். துப்பறியும் கதையில் சொல்பவர் கேட்பவரின் காதுக்குப் பின்னால். வரலாற்று நூலில் மேசைக்கு எதிர்ப்பக்கம். தூரம் சரியாக விழுந்துவிட்டால் வேகம், அழுத்தம், நிறுத்தம் எல்லாம் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

சத்தமாகப் படிக்கக் கேட்பது நமக்குப் புதிது இல்லை. 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டு விற்ற கதைப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து படிக்க, தெருவே கேட்ட காலம் உண்டு. டீக்கடையில் ஒருவர் பேப்பர் படிக்க நாலு பேர் கேட்பது இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஆனால் இன்று ஒலிப்புத்தகம் என்று நாம் சொல்வது பார்வையற்றோருக்காகத் தொடங்கியது. அமெரிக்காவில் 1934-ல் 'பேசும் புத்தகங்கள்' இசைத்தட்டுகளில் வந்தன. பிரிட்டனில் அடுத்த ஆண்டு, 1935-ல். அங்கே முதல் உலகப்போரில் கண்பார்வை இழந்த சிப்பாய்களை மனதில் வைத்துத்தான் அந்தத் திட்டமே வளர்ந்தது. அங்கே முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் ஜோசப் கான்ராடின் கடல் கதை ஒன்றும் அடக்கம். ஆக, முதல் நாளிலிருந்தே வாசிப்பாளர்களுக்கு 'எல்லாவற்றையும் ஒரே மாதிரி படிக்க முடியாது' என்ற சிக்கல் இருந்திருக்கிறது. அப்புறம் கேசட், சி.டி., 1995-ல் தொடங்கிய ஆடிபிள் நிறுவனம், அதை 2008-ல் அமேசான் வாங்கியது, ஸ்மார்ட்போன் என்று கதை ஓடுகிறது. தமிழிலும் ஸ்டோரிடெல், குக்கூ எஃப்.எம். போன்ற செயலிகளில் நாவல்கள் கேட்கக் கிடைக்கின்றன.

நான் இந்த வேலைக்குள் வந்தது பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல் பதிவு செய்யும் தன்னார்வலராகத்தான். பொருளாதாரப் பாடம். சின்ன வயதில் ஆகாசவாணியில் சரோஜ் நாராயணசாமி செய்தி வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவன், அந்தக் கம்பீரத்தில் பாதியாவது வர வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி வாசித்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. நீங்க நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. பரீட்சைக்குப் படிக்கிறப்ப யாராச்சும் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தா நல்லா இருக்கும்ல, அப்படிப் படிங்க." செய்தி ஊருக்கே சொல்வது, பாடம் ஒருவருக்குச் சொல்வது. குரலில் ஒரு குறையும் இல்லை, தூரம்தான் தப்பு. அவர் என் பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அந்த வேகத்தில் என் ஏற்ற இறக்கமெல்லாம் கொசு பாடுவது மாதிரிதான் கேட்டிருக்கும்.

முதலில் முழுப் புத்தகத்தையும் படி

நல்ல வாசிப்பாளர் மைக் முன் உட்காருவதற்கு முன் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவார். இது ஏதோ ஒழுக்க விதி மாதிரி தோன்றும், ஆனால் படிக்காமல் உட்கார்ந்தவர் கதியைப் பார்த்தால் புரியும். முதல் அத்தியாயத்தில் ஒரு கணக்குப்பிள்ளை வருகிறார். நீங்கள் கணீரென்று ஒரு குரல் கொடுத்துவிடுகிறீர்கள். பதினான்காம் அத்தியாயத்தில் ஆசிரியர் போகிறபோக்கில் எழுதுகிறார்: 'வழக்கம்போல அவருடைய கீச்சுக்குரலைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தன.' தீர்ந்தது. பதின்மூன்று அத்தியாயங்களிலும் அவர் பேசும் இடத்தையெல்லாம் தேடிப் பிடித்துத் திரும்பப் பதிய வேண்டும்.

படிக்கும்போது ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொள்வார்கள். யார் எந்த ஊர், என்ன வயது, யாரை 'நீ' என்கிறார், யாரை 'நீங்கள்' என்கிறார். உச்சரிப்பு தெரியாத பெயர்களின் பட்டியல் ஒன்று தனியாக வளரும். ஊர்ப்பெயராக இருந்தால் அந்த ஊர்க்காரர் யாருக்காவது போன் போட்டுக் கேட்பதுதான் உத்தமம். அச்சில் இருப்பதை அப்படியே சொன்னால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். முக்கியப் பாத்திரங்களின் குரலில் ஆளுக்கு இரண்டு வரி பேசிச் சின்னச் சின்ன ஒலித்துண்டுகளாகச் சேமித்து வைப்பதும் உண்டு. பத்து நாள் பதிவில் மூன்றாம் நாள் வந்த மாமா எட்டாம் நாள் திரும்பி வரும்போது அதே மாமாவாக இருக்க வேண்டுமே.

தமிழ் வைக்கும் பொறிகள்

நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி உண்டு, எழுத்து மட்டும் ஒன்றுதான். பழக்கத்தில் படித்துக்கொண்டு போகும்போது இது தெரியாது. மைக் முன்னால் தெரியும். 'அவள் முகத்தில் பாவம் மாறியது' என்பதில் வருவது நடனக்காரர்கள் சொல்லும் பாவம். 'அவன் செய்த பாவம்' வேறு. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். என்னுடைய சொந்த அவமானம் 'பாட்டில்'. ஒரு சிறுகதையில் 'அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை' என்று ஒரு வரி. பாட்டு பற்றிய கதை. நான் கவனமே இல்லாமல் சோடா பாட்டிலைச் சொல்லுகிற மாதிரி சொல்லிவிட்டு மூன்று பக்கம் தாண்டிப் போய்விட்டேன். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தவர் அந்த இடத்தில் எழுதி வைத்திருந்த குறிப்பு: 'சார், மூடி எங்கே?'

அந்த இடத்தில் அச்சிலேயே ஒரு துப்பு இருந்தது. 'அந்தப்' என்று ஒற்று மிகுந்திருந்தால் பின்னால் வருவது வல்லினமாக ஒலிக்கும் பாட்டு, ஒற்று இல்லாமல் 'அந்த பாட்டில்' என்றிருந்தால் பெரும்பாலும் கண்ணாடி. சந்தி விதிகளைப் பரீட்சை முடிந்ததும் மறந்துபோன நம்மைப் போன்றவர்கள் அதை நினைத்து வருந்தும் இடம் இது. ல, ள, ழ வேறுபாட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்பவர்கள் எதை மன்னித்தாலும் அதை மன்னிக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய பொறி நம் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். இந்த வரியைப் பாருங்கள்:

"வெளியே போ" என்று கெஞ்சினாள்.

முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் வாய் தானாகக் கத்திவிடும். கத்திய பிறகுதான் 'கெஞ்சினாள்' என்று கண்ணில் படும். எப்படிப் பேச வேண்டும் என்ற உத்தரவு, பேசி முடித்த பிறகு வந்து சேர்கிறது. நம் மொழியில் இது விதிவிலக்கு இல்லை, பக்கத்துக்குப் பத்து முறை நடப்பது. அதனால் பழகிய வாசிப்பாளரின் கண் வாயைவிட ஒரு வரி முன்னால் ஓடும். வாய் ஒரு வாக்கியத்தில், கண் அடுத்ததில். பத்தி நீளத்துக்கு ஒரே வாக்கியம் எழுதும் ஆசிரியர் என்றால் இன்னும் சிரமம். கடைசியில் 'நம்பவில்லை' என்று வரப்போகிறது என்று தெரிந்தால்தான் அதற்கு முன்னால் உள்ளதை எல்லாம் நம்பாத குரலில் கொண்டுபோக முடியும்.

வேகக் கணக்கும் நமக்கு வேறு. ஆங்கில ஒலிப்புத்தகத் தொழிலில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 9,300 சொற்கள் என்று கணக்குப் போட்டுக் கூலி பேசுவார்கள். அதைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவந்தால் மூச்சு முட்டும். 'போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம்' என்பது நமக்கு ஒரே சொல்.

யார் பேசுகிறார்கள் என்று எப்படித் தெரிகிறது?

கதை வாசிப்பில் எல்லோரும் பேசுவது பாத்திரக் குரல்களைப் பற்றித்தான். ஹாரி பாட்டர் வரிசையை அமெரிக்கப் பதிப்புக்காக ஜிம் டேல் என்ற நடிகர் ஒருவரே வாசித்தார். கடைசிப் புத்தகத்தில் மட்டும் அவர் கொடுத்த குரல்கள் 146. அதே புத்தகங்களைப் பிரிட்டிஷ் பதிப்புக்கு வாசித்தவர் ஸ்டீஃபன் ஃப்ரை. டேல் ஒரு நாடக மேடையையே தூக்கிக்கொண்டு வருகிறார் என்றால், ஃப்ரை படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த சித்தப்பா மாதிரி. எது சிறந்தது என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். ஒரே எழுத்து, இரண்டு தூரம். என் ஓட்டு ஃப்ரைக்கு. 146 குரல் என்பது சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் புதிதாக வருகிறவர்கள் குரல் மாற்றுவதுதான் இந்தக் கலை என்று நம்பிவிடுகிறார்கள்.

உண்மையில் பெரும்பாலான பாத்திரங்களுக்குச் சின்ன அடையாளம் ஒன்று போதும். ஒருவர் கொஞ்சம் வேகமாகப் பேசுவார். இன்னொருவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் மூச்சை இழுப்பார். தாத்தா என்றால் நடுக்கம் வேண்டும் என்று சட்டம் இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டாலே வயது வந்துவிடும். ஆண் வாசிப்பாளர்கள் பெண் பாத்திரத்துக்குக் கீச்சுக்குரல் எடுப்பதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. குரலின் கனத்தைக் கொஞ்சம் குறைத்து, மென்மையாக விட்டால் கேட்பவரின் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். பெண் வாசிப்பாளர்கள் ஆண் பாத்திரத்துக்குத் தொண்டையை இறுக்குவதும் இப்படித்தான்.

நம் கதைகளில் இன்னொன்றும் உண்டு. ஒருவருக்கு ஒரே குரல் இருக்காது. மருமகள் கணவனிடம் பேசும் குரல் ஒன்று, மாமியாரிடம் பேசும் குரல் ஒன்று, பால்காரரிடம் பேரம் பேசும் குரல் மூன்றாவது. "சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் "உங்கம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்பவள் ஒரே ஆள்தான். பாத்திரத்துக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டவர் இங்கே மாட்டிக்கொள்வார். உறவுக்கு ஒரு குரல் என்று வைத்துக்கொண்டவர் தப்பிப்பார்.

வட்டார வழக்கு தனிச் சங்கதி. ஆசிரியர் நெல்லைப் பேச்சை எழுத்திலேயே எழுதியிருந்தால் 'ஏலே'யைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பேச்சின் ராகம் எழுத்தில் வராது. கொங்குப் பேச்சில் 'ங்க' சேர்த்தால் கொங்கு ஆகிவிடாது, யாழ்ப்பாணத் தமிழின் நீட்டலும் நிறுத்தலும் சினிமாவில் கேட்டதை வைத்துக் கிடைத்துவிடாது. தெரியாத வழக்கை அரைகுறையாக நடிப்பதைவிட, சொற்களைச் சுத்தமாகச் சொல்லிவிட்டு ராகத்தை விட்டுவிடுவது கௌரவம். பழைய நாவல்களில் வேறு தொல்லை. வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் 'நீ எங்கே போகிறாய்?' என்று செந்தமிழில் பேசிக்கொள்வார்கள். வாசிப்பாளர் அதை 'எங்க போறே' என்று மாற்றக் கூடாது. எழுத்து ஆசிரியருடையது. சொல்லை மாற்றாமல், சொல்லும் தூரத்தைக் குறைத்தால் போகிறாயும் சமையலறைப் பேச்சாகிவிடும். இது முடியுமா என்று நானும் சந்தேகப்பட்டவன்தான், நல்ல வாசிப்பாளர் ஒருவர் செய்துகாட்டிய பிறகு நம்பினேன்.

வகைக்கு வகை

துப்பறியும் கதையில் வாசிப்பாளர் ஒரு விசித்திரமான நிலையில் இருக்கிறார். கொலைகாரன் யார் என்று அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி வாசிக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் காபி கொண்டுவந்து வைக்கும் அந்த நல்ல மனிதரின் பெயரைச் சொல்லும்போது ஒரு இம்மி அழுத்தம் கூடினாலும் காது கூர்மையானவர்கள் பிடித்துவிடுவார்கள். இன்னும் ஒரு சிக்கல், அச்சில் இல்லாதது. நள்ளிரவில் போன் வருகிறது, 'முகம் தெரியாத ஒருவன்' மிரட்டுகிறான். அவன் நமக்கு ஏற்கெனவே தெரிந்த பாத்திரம்தான் என்பது கடைசியில்தான் தெரிய வேண்டும். அந்தப் பாத்திரத்துக்கு நீங்கள் தனிக்குரல் கொடுத்திருந்தால், மிரட்டலில் அதே குரல் வந்தால் குட்டு அங்கேயே வெளிப்பட்டுவிடும். வேறு குரல் கொடுத்தால் கடைசியில் 'ஏமாற்றிவிட்டாயே' என்பார்கள். அதனால் மிரட்டலைக் குரலே இல்லாத கிசுகிசுப்பில் சொல்வார்கள். கிசுகிசுப்பில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் ரொம்பக் குறைவு. இதற்காகவே துப்பறியும் கதைகளில் ஆரம்பத்திலிருந்தே குரல்களை அதிகம் விலக்காமல் வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

பேய்க்கதை என்றதும் எதிரொலி, உறுமல் என்று போகிறவர்கள் முதல் கால்மணி நேரத்தில் பயத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். மைக்குக்கு இன்னும் நெருங்கி, சத்தத்தைக் குறைத்து, சாதாரணமாகச் சொன்னால்தான் பயம். 'பாட்டி வழக்கம்போல வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அவள் செத்து ஆறு மாதம் ஆகிறது.' இரண்டாவது வாக்கியத்தை முதல் வாக்கியத்தின் அதே தொனியில் சொல்லிப் பாருங்கள். அப்புறம் நடுங்கும் குரலில் சொல்லிப் பாருங்கள். எது உதறல் கொடுக்கிறது என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நகைச்சுவைதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வாசிப்பவர் சிரிக்கக் கூடாது, சிரிப்பு வரப்போகிறது என்று குரலில் தோரணம் கட்டவும் கூடாது. எழுத்தில் நகைச்சுவை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் ஒளிந்திருக்கும். அது வரை முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு வந்து, கடைசிச் சொல்லைச் சும்மா போட்டுவிட்டுப் போக வேண்டும். மேடையில் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கலாம். இங்கே கேட்பவர் பஸ்ஸில் எங்கேயோ தனியாக இருக்கிறார். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது முழுக்க ஊகம்தான்.

குழந்தைக் கதையில் மட்டும் நான் மேலே சொன்ன அடக்கத்தையெல்லாம் தூக்கி எறியலாம். யானைக்கு யானைக்குரல், எலிக்கு எலிக்குரல். ஆனால் குழந்தைக்குப் புரியாதோ என்று இழுத்து இழுத்துச் சொல்லும் குரலை எந்தக் குழந்தையும் மதிப்பதில்லை.

கட்டுரை, வரலாறு, சுயமுன்னேற்றம் இவற்றில் நடிக்க ஒன்றும் இல்லை என்பதால் சுலபம் என்று நினைப்பார்கள். நான் மாட்டிக்கொண்டதே இதில்தான். அச்சில் அடிக்குறிப்பு பக்கத்தின் கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கும், காதில் அதை எங்கே வைப்பது? வாக்கியம் முடிந்ததும் சொல்வதா, பத்தி முடிந்ததுமா, விட்டுவிடுவதா? அட்டவணையை வரிசை வரிசையாகப் படித்தால் ரேஷன் கடைப் பட்டியல்போல இருக்கும். '1947' என்பதை 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு' என்று சொன்னால் நூலின் நடைக்குப் பொருந்தும், ஆனால் ஒரே பத்தியில் ஏழு ஆண்டுகள் வந்தால் கேட்பவர் பாவம். இதையெல்லாம் பதிப்பாளரோடு பேசி முதலிலேயே ஒரு முடிவுக்கு வந்து, புத்தகம் முழுக்க அதே மாதிரி செய்ய வேண்டும். சுயமுன்னேற்ற நூல் என்றால் ஆபத்து வேறு. 'அதிகாலையில் எழுங்கள்' என்ற வரி, கொஞ்சம் தவறினால் ஹாஸ்டல் வார்டன் குரலாகிவிடும். கூட நடந்து வருகிறவர் சொல்வது மாதிரி இருக்க வேண்டும்.

தன்வரலாற்றை எழுதியவரே வாசித்தால் நல்லது என்பது பொதுவான கருத்து. நானும் ஒத்துக்கொள்கிறேன், பாதி. தன் அப்பா இறந்த நாளைப் பற்றித் தானே வாசிக்கும்போது குரல் தட்டுத்தடுமாறினால் அதை எந்தக் குரல் கலைஞராலும் செய்துவிட முடியாது. ஆனால் அதே எழுத்தாளர் நானூறு பக்கத்தையும் ஒரே களைப்பில் வாசிக்கும்போது, இதைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்திருக்கலாமே என்று தோன்றிவிடும்.

கவிதையைப் பற்றி ஒன்று மட்டும். புதுக்கவிதையில் வரி உடையும் இடம் காற்புள்ளி இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. குரல் இறங்காமல், அந்தரத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும். மரபுக் கவிதையைச் சீர் பிரித்துப் படித்தால் ஓசை கிடைக்கும், பொருள் போய்விடும். சொல் பிரித்துப் படித்தால் நேர்மாறு. சிலர் ஒருமுறை அப்படி, ஒருமுறை இப்படி என்று இரண்டு முறை வாசிக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

மே மாதமும் மின்விசிறியும்

இதெல்லாம் நடக்கும் இடத்தைப் பார்த்தால் கலை என்றே தோன்றாது. பஞ்சும் ஃபோமும் ஒட்டிய ஒரு சிற்றறை. வசதியில்லாதவர்களுக்குத் துணி நிறைந்த பீரோவின் எதிரே ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் போர்வை. மின்விசிறி ஓடக் கூடாது, ஏ.சி.யும் கூடாது. சென்னையில் மே மாதத்தில் ஒரு அத்தியாயம் வாசித்து வெளியே வருகிறவரைப் பார்த்தால் மழையில் நனைந்தவர் என்று நினைப்பீர்கள். இன்வெர்ட்டர் ரீங்காரம், மேல்வீட்டு மிக்ஸி, குக்கர் விசில், காக்கா, எல்லாம் எதிரிகள். ஆடிபிள் நிறுவனத்தின் பதிவேற்றத் தளம் வைத்திருக்கும் அளவுகோலின்படி, பதிவாகக்கூடிய உச்ச ஒலியை 0 என்று வைத்தால், யாரும் பேசாதபோது பதிவில் விழும் அறையின் சத்தம் -60 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆடி மாதம் கோயிலில் ஒலிபெருக்கி கட்டிவிட்டால் அன்றைக்கு விடுமுறைதான்.

உடம்பும் சத்தம் போடும். வாய் காய்ந்தால் உதடு பிரியும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று கேட்கும். அதற்காகப் பச்சை ஆப்பிளைக் கடித்துக்கொள்வது உலகம் முழுக்க வாசிப்பாளர்களிடம் இருக்கும் பழக்கம், அதன் புளிப்பு வாயைச் சுத்தமாக்கும். பால் கலந்த காபி குடித்தால் தொண்டையில் கோழை கட்டின மாதிரி இருக்கும், எனக்கு இந்தத் தொழிலில் பெரிய தியாகம் அதுதான். வயிறு கடமுட என்றால் தலையணையை மடியில் வைத்து அமுக்கிக்கொள்வார்கள். நைலான் சட்டை, கண்ணாடி வளையல் எல்லாம் வெளியே.

தப்பு வந்தால் என்ன செய்வது? நிறுத்தி, சில நொடி பின்னால் போய், தன் குரலையே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு வந்து, தப்பு தொடங்கிய இடத்தில் மூச்சும் வேகமும் பொருந்தும்படி நுழைந்துவிட வேண்டும். 'பஞ்ச் அண்ட் ரோல்' என்பார்கள். ஓடும் பஸ்ஸில் ஏறுகிற மாதிரிதான். பழகியவர்களுக்கே ஒரு மணி நேர ஒலிக்கு இரண்டு மணி நேரம் மைக் முன்னால் போய்விடும். அதற்குப் பிறகு வெட்டி ஒட்டுபவர், புத்தகத்தை வைத்துச் சரிபார்ப்பவர் என்று வேலை நீள்கிறது. திருத்தம் பதியும் நாளில் சளி பிடித்திருந்தால் ஒரே ஒரு சொல் மட்டும் வேறொருவர் சொன்னது மாதிரி தனியாகத் துருத்தி நிற்கும். சில ஒலிப்புத்தகங்களில் இதைக் கேட்டிருப்பீர்கள், இனிமேல் கண்டிப்பாகக் கேட்பீர்கள்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. செயலிகளில் கொடுக்கும் மாதிரித் துண்டு பெரும்பாலும் புத்தகத்தின் தொடக்கம். அதை எல்லோரும் நன்றாகத்தான் வாசிப்பார்கள், முதல் நாள் பதிவு, தொண்டை தெளிவாக இருக்கும். முடிந்தால் நடுவில் எங்காவது ஒரு அத்தியாயத்தைத் தொட்டுக் கேளுங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடமாக இருந்தால் நல்லது. யார் பேசுவது என்று 'என்றான்', 'என்றாள்' வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே படித்த புத்தகமாக எடுத்தால் இன்னும் சுவாரசியம். நீங்கள் கண்ணால் ஓடித் தாண்டிய ஒரு வரியில் வாசிப்பவர் நின்றுவிட்டுப் போவார். என்னமோ சொல்கிறாரே என்று ரீவைண்ட் செய்து கேட்டால், அந்த வரி அங்கே இருந்ததே உங்களுக்கு நினைவிருக்காது.